மூன்று கிட்டார்களுக்கு ஒரு படுக்கையறை

என் அக்காவின் கணவருக்கு, நாங்கள் பாவா என்று கூப்பிடுகிறவருக்கு, ரயில்வேயில் பதவி உயர்வு வந்தது. கூடவே ராஜஸ்தானில் ஒரு ஜங்ஷனுக்கு மாற்றலும் வந்தது. அரக்கோணம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட அவருக்கு மனம் வந்தது. மூன்று கிட்டார்களை ஏற்ற மட்டும் மனம் வரவில்லை.

பாவா வேலைக்கு வருவதற்கு முன் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவர். வேலைக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வாசிப்பார். ஒன்று பெரிய வயிறு உள்ள மரக் கிட்டார். இன்னொன்று நைலான் தந்தி போட்டது. அவர் முதல் சம்பளத்தில் வாங்கியது. மூன்றாவது எலெக்ட்ரிக். எனக்கும் இசைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் திருத்தணியில் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார். ஒருவேளை அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ. வாசிக்கத் தெரிந்தவனிடம் கொடுத்தால் அவன் வாசித்துவிடுவான் அல்லவா.

ஒரு வேன் வைத்துக்கொண்டு அவரே வந்து இறங்கினார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இடம் முடிவாகாமல் காப்பியைத் தொடமாட்டேன் என்றார். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. நான் சமையலறையில் மேலே இருக்கும் சிலாப்பைக் காட்டினேன். பெரிய அண்டாக்களுக்குப் பக்கத்தில் மூன்றும் தாராளமாகப் போகும். அவர் என்னைப் பார்த்த பார்வையை என் மாணவர்கள்தான் அறிவார்கள். பதினேழைப் பகா எண் இல்லை என்று எழுதினால் நான் அப்படித்தான் பார்ப்பேன். மேலே சூடு ஏறும், மரம் விரியும் என்றார். ஹாலில் மேற்குச் சுவரைக் காட்டினேன். வெயில் அடிக்கிற சுவர், வேண்டாம். கட்டிலுக்கு அடியில்? தரையில் ஈரம் இருக்கும். ஜன்னலோரம்? குரங்கு வரும். இதை மட்டும் நானும் ஒப்புக்கொண்டேன். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் எங்கள் தெருவில் பிரஷர் குக்கர் மூடி வரைக்கும் எடுத்துப் போயிருக்கின்றன.

கடைசியில் அவர் கை வைத்த இடம் படுக்கையறையின் உள்சுவர். வெயில் படாது, சமையலறைப் புகை வராது, தரையில் பலகை போட்டுக்கொள்ளலாம். அங்கே எங்கள் கட்டில் இருந்தது. கட்டிலை நகர்த்தினோம். மூன்று பெட்டிகளையும் பலகை மேல் நிற்க வைத்தார். ஈரம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் மாட்டினார். அது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்த பஞ்சை வைத்துப் பெட்டிக்குள் போட வேண்டும். கூடினால், புது ஷூ டப்பாவில் வருமே, அந்த உப்புப் பொட்டலங்களைப் போட வேண்டும். தந்தியை முழுக்கத் தளர்த்தக் கூடாது, முழுக்க இறுக்கவும் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் இருபத்தொரு வரியாக எழுதிக் கொடுத்தார். பிறகு ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்களிடம் ஏசி இல்லை, ஏர்கூலர்தான். தாளில் ஒன்பதாவது வரி, கூலர் அதே அறையில் ஓடக் கூடாது என்றது. ஆகவே கூலரை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். கூலர் வந்த பிறகு நாங்களும் ஹாலுக்கு வந்தோம். கட்டிலுக்கு ஹாலில் இடம் இல்லாததால் பாய் விரித்தோம். இப்படியாகக் கிட்டார்கள் படுக்கையறையிலும் நாங்கள் ஹாலிலும் குடியேறினோம். என் மனைவிக்கு இடுப்பு வலி உண்டு. பாயிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த மூடிய கதவைப் பார்த்து, "பெரியவங்க எழுந்துட்டாங்களா?" என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பாவா வீடியோவில் வருவார். முதல் கேள்வி மீட்டர் பற்றித்தான். ஒரு வாரம் என் மனைவிக்கு நல்ல காய்ச்சல். அவள் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மீட்டர் இன்னா காட்டுது மச்சான்?"

"நூத்தி ரெண்டு பாவா."

பாவா நிதானமாக, ஈரப்பதம் நூறைத் தாண்டவே தாண்டாது, நீ கணக்கு வாத்தியார் உனக்குத் தெரியாதா, மொதல்ல பேட்டரியை மாத்து என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அடடா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார், இரண்டு மாத்திரைகளின் பெயரையும் சொன்னார். அதன் பிறகு, சரி, அந்த மீட்டர் எவ்வளவு என்றார்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் வீடு வைத்திருக்கிறவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் அல்ல. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் மனைவியின் பெரியப்பா குடும்பம் காவடியோடு வந்தது, பதினோரு பேர். ஹாலில் அத்தனை பேரும் கால் நீட்டவே இடம் போதவில்லை. மூடியிருந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று பெரியம்மா கேட்டார். கிட்டார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ உடம்பு சரியில்லாதவரைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு அந்தக் கதவுப் பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

அவர்கள் குளத்தில் குளித்துவிட்டு மலைக்குப் போய் வந்தார்கள். நானும் அவர்களோடு போய், அவர்களுக்குப் பின்னால் தாமதமாகத் திரும்பினேன். வந்து பார்த்தால் படுக்கையறையில் குறுக்கே கயிறு கட்டி, பதினோரு பேரின் ஈரத் துணியும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே போட்டால் குரங்கு எடுக்கும் என்று யாரோ புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் பெட்டி மேல் மஞ்சள் வேட்டி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் எண்பத்து மூன்று. சாமி கும்பிட்டு வந்தவர்களின் துணியை எடுத்து எறிய முடியுமா? மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, உப்புப் பொட்டலங்களைத் திணித்துவிட்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாவா கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன்.

அதுதான் முதல் பொய். பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மீட்டர் எதைக் காட்டினாலும் அவருக்கு நல்ல எண்தான் போனது. ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்தாறு என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அதற்காவது உதவியது.

அடுத்த கோடையில் புத்தூரில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். நான்கு நாள் போனோம். பங்குனிக் கடைசி, அக்னி நட்சத்திரம் மாதிரி வெயில். சோப்பு டப்பாப் பஞ்சு முதல் நாளே காய்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். பெரியதும் எலெக்ட்ரிக்கும் நன்றாக இருந்தன. நைலான் கிட்டாரில், தந்திகளைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்பார்கள், அது ஒரு பக்கம் மரத்தை விட்டு எழும்பி நின்றது. இடுக்கில் ஒரு போஸ்ட் கார்டை நுழைக்கலாம். முதல் சம்பளத்துக் கிட்டார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். பாவா அவளுக்கு அண்ணா முறை. சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஞாயிறு பாவா போனில் வந்து, நைலான் எப்படி இருக்கிறது என்று அதை மட்டும் குறிப்பாகக் கேட்டார். வாராவாரம் மீட்டருக்கு அடுத்து அதைத்தான் கேட்பார். "ஆங், நல்லாகீது பாவா" என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சென்னை ரயிலில் ஏறினேன். ஆபீஸ் போகிற கூட்டம். அரக்கோணத்தில் ஒருவர் இடம் விட்டார், எனக்கல்ல, பெட்டிக்கு. மணவூர் தாண்டுவதற்குள் எதிரில் இருந்தவர், வழி நெடுக ஒரு பாட்டு வாசித்துக்கொண்டு வரலாமே சார் என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். பிறகு ஏன் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று நியாயமாகவே கேட்டார். வைத்தியத்துக்கு என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னையில் ஒரு சந்துக்குள் கிட்டார் பழுது பார்ப்பவரின் கடை. அவர் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எப்படி வைத்திருந்தீர்கள் என்றார். உள்சுவர், பலகை, மீட்டர், பஞ்சு, உப்பு, கூலர், பாய் எல்லாவற்றையும் கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய சொந்தக் கிட்டார் கடைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் அவருடைய சட்டையும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் போனபோது தந்தி மாட்டி, சுதி சேர்த்து, சரி பார்ப்பதற்காக எதையோ வாசித்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். மெதுவாக, எனக்குத் தெரியாத ஒன்று. ஒன்றரை வருஷமாக அந்தக் கிட்டாரைத் துடைத்திருக்கிறேன், மூடியிருக்கிறேன், அதற்காகப் பாவாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அது இப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தவன், கூலி எவ்வளவு என்று கேட்டேன். காசைக் கொடுத்துவிட்டு, பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வருஷக் கடைசியில் பாவாவுக்கு மறுபடி அரக்கோணத்துக்கே மாற்றல் வந்தது. ஒரு ஞாயிறு காலை அக்காவும் அவரும் வந்தார்கள். அவர் நேரே படுக்கையறைக்குப் போய் நைலான் கிட்டாரின் பெட்டியைத்தான் முதலில் திறந்தார். வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, அந்தக் கட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"பாவா, ஒரு விஷயம். போன வருஷம் வெயில்ல இது தூக்கிகிச்சு. மெட்ராஸ் எடுத்துகினு போய் ஒட்டிகினு வந்தேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அது தூக்கிச்சு மச்சான். ரிப்பேருக்கு எடுத்துகினு போக சோம்பல். வீட்ல கெடந்த பசைய போட்டு நானே ஒட்டிட்டேன். எப்ப புட்டுக்குமோன்னுதான் வாராவாரம் கேட்டுகினு இருந்தேன்."

கதவருகே காப்பித் தட்டோடு என் மனைவி நின்றிருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப மூணு வருஷம் நாங்க ஹால்ல படுத்தது உங்க பசைக்காகவாண்ணா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு சிரிப்பாக இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். போன இடத்தில் கை சும்மா இருக்கவில்லை என்று பாவா அங்கேயும் ஒரு கிட்டார் வாங்கினாராம். மூன்று வருஷமும் அது ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருந்ததாம். அந்த ஊர் வெயிலுக்கு எங்கள் ஊர் வெயில் நிழல் மாதிரி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது மட்டமான சரக்கு, அதுக்கெல்லாம் எதுவும் ஆகாது என்றார் பாவா.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, நைலான் கிட்டாரை மடியில் வைத்து ஒரு பழைய கல்யாணக் கச்சேரி மெட்டை ஆரம்பித்தார். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனாலும் முடிக்கும் வரைக்கும் என் மனைவி தட்டைக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள். அந்த அறையில் அந்தக் கிட்டார் வாசிக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சாப்பிட்ட பிறகு பாவா மெல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை கொடுத்திருக்கிற குவார்ட்டர்ஸ் மாடியில் இருக்கிறது, மேலே நேரே மொட்டை மாடி, சூடு இறங்கும், அதனால் கொஞ்ச நாளைக்கு என்று இழுத்தார். என் மனைவி எழுந்து போனாள். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிவந்து வாசலில் வரிசையாக வைத்தாள். இடுப்பு வலிக்காரி, என்னை ஒன்றையும் தூக்க விடவில்லை. பாவா எழுந்து லோடு ஆட்டோவுக்குப் போன் செய்தார். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் கட்டில் பழைய இடத்துக்குப் போயிருந்தது.

போன மாதம் அரக்கோணத்தில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். இரண்டு கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, பெட்டியோடு, வெறும் தரையில். நைலான் கிட்டார் சோபாவில் இருந்தது. பாவா இப்போது தினமும் சாயங்காலம் வாசிக்கிறாராம். முந்தின வாரம் ஒரு ஆபீஸ் நண்பரின் மகள் கல்யாணத்தில்கூட வாசித்தாராம், சந்தோஷமாகச் சொன்னார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில், துளைக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குப் புதிதாக ஒரு கீறல். எப்போது ஆனது என்று கேட்டேன். எங்கே, என்றார் பாவா, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார், அட ஆமாம் என்றார், மறுபடி கல்யாணக் கதையைத் தொடர்ந்தார்.

அக்கா கறிக்குழம்பு வைத்திருந்தாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.