ஏசி உறுமும்போது மட்டும் நடந்தேன்

மாலை நாலு இருபதுக்கு மகளின் மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியது. ஏசி காற்றில் மூக்கு வறண்டு இப்படி ஆவது இங்கே வளைகுடாவில் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. டிஷ்யூவோடு ஓடி வந்த என் கையில் அவள் கன்ட்ரோலரைத் திணித்தாள்.

"அம்மா, பிடி. பிளீஸ், தோத்துடாதே."

ஹெட்போனையும் என் தலையில் மாட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

அது ஒரு பேய் விளையாட்டு. முதலில் வந்த கதையில் துப்பாக்கி உண்டாம். பிறகு சேர்த்த இந்தக் கூடுதல் கதையில் அதையும் பிடுங்கிவிட்டார்கள். பாழடைந்த மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வெறுங்கையோடு ஒளிந்து ஒளிந்தே வெளியேற வேண்டும். தேடி வரும் உருவத்துக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். மகள் எடுத்திருந்தது இருப்பதிலேயே கடினமான ஆட்டம். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒருமுறை அகப்பட்டால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல வாரங்களாகப் பள்ளி விட்டு வந்ததும் இதே வேலை. அப்பாவின் வேலையோடு சலாலா என்ற ஊருக்கு மாறிப்போன அவளுடைய தோழி அங்கிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டு ஹெட்போனில் கூடப் பேசுவாள். அந்தப் பெண் இதே கடைசி வராந்தாவில் தோற்றவள்.

"ஆன்ட்டி, கேக்குதா? அலமாரிக்குள்ள இருக்கீங்க. அங்கயே இருந்தா தூக்கிடும். வெளிய வந்து அந்தக் கதவுக்குப் போகணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவளே வரட்டும்."

"டைம் இல்ல ஆன்ட்டி! லெஃப்ட் ஸ்டிக்கத் தள்ளுங்க. மெதுவா."

குளியலறையிலிருந்து, "அம்மா, இன்னும் நிக்கல!"

"முன்னால குனிஞ்சு மூக்க அழுத்திப் பிடிடீ!"

வராந்தா முழுக்க உடைந்த கண்ணாடி. கூரையில் ஏதோ பழைய இயந்திரம் தடதடவென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அதைக் கேட்டதும் மூளைக்கு முன்னால் உடம்புக்குப் புரிந்துவிட்டது.

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே ஊரில் சத்வா பகுதியில் ஒரே ஃப்ளாட்டைப் பலகையால் தடுத்து நாலு குடும்பங்கள் இருந்தோம். பக்கத்துத் தடுப்பில் நைட் டியூட்டிக்காரர் பகலெல்லாம் தூங்குவார். சத்தம் கேட்டால் பலகையில் தட்டுவார். தட்டு அதிகமானால் ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் ஜன்னல் ஏசி உறுமும்போது மட்டும் பாத்திரம் எடுப்பேன், பால் ஆற்றுவேன், குழந்தையோடு நடப்பேன். அது அடங்கினால் அந்த இடத்திலேயே சிலை. ஒரு காலைத் தூக்கியபடி நின்றதும் உண்டு.

இயந்திரம் ஓடியது. நடந்தேன். நின்றது. விரலை எடுத்தேன்.

"ஏன் நிக்கிறீங்க? யல்லா, சீக்கிரம் ஆன்ட்டி!"

"இரு. அது ஓடட்டும்."

"எது?"

அதற்குள் அந்த உருவம் என் தோளருகே வந்து தலையைச் சாய்த்துக் கேட்டது. இயந்திரம் மறுபடி உறுமியதும் கண்ணாடி மேலேயே நடந்தேன். நொறுங்கியது. அந்த உருவம் திரும்பவில்லை.

"கிளாஸ் மேலயா? ஓ மை காட்!"

கதவருகே பதற்றத்தில் ஏதோ பட்டனை அழுத்த, டார்ச் எரிந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

"பரவால்ல, அதுக்குத்தான் கண்ணு மாஃபி, கிடையாதே! கதவத் தொறங்க!"

திறந்தேன். திரை முழுக்க வெயில். சலாலாவில் ஒருத்தி கத்தினாள், இங்கே நான் கத்தினேன். மூக்குத் துளை இரண்டிலும் டிஷ்யூ செருகியபடி மகள் ஓடி வந்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"நீயா முடிச்ச? அம்மா, நீயா?"

"பின்னே யாரு?" என்றேன். இருவரும் சோபா மேல் ஏறிக் குதித்தோம்.

அப்போதுதான் டியூட்டி முடிந்து கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மகளின் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தார். தலையில் ஹெட்போனோடு சோபா மேல் நின்ற என்னைப் பார்த்தார்.

"யாரு யார அடிச்சீங்க?" என்றார்.