பேசியவர்கள் பட்டியல்

புதுச் சாக்பீஸைக் கரும்பலகையில் வைத்து இழுக்கும்போது எழும் கிறீச்சொலி எனக்குக் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். அதனால் சாக்பீஸை இரண்டாக ஒடித்து, பாதித் துண்டால் எழுதுவேன். பாதிக்குக் கத்தத் தெரியாது. இதை நான் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்பில், முகப்பேரில் நான் படித்த பள்ளியில், ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு அதன்கீழே பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்த அன்று. ஆசிரியர் வராத பாடவேளையில் யாராவது ஒருத்தி பலகையோரம் நின்று, பேசுகிறவர்கள் பெயரையெல்லாம் எழுதிவைப்பதும், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்ட்டு’ போடுவதும் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வகுப்பாசிரியை ரேவதி மிஸ் அந்த வேலையை என்னிடம் கொடுத்து, “நீதான் பேசவே மாட்டியேம்மா, நீயே எழுது” என்றார். அதில் கேலியும் இல்லை, பரிதாபமும் இல்லை. உண்மை அது.

எனக்கு ஆட்டிசம் என்று ஏழு வயதிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் அந்தச் சொல் யாருக்கும் பிடிபடவில்லை. “வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சுகினு கீறே?” என்று அத்தை கேட்பாள், லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, “வுடுக்கா, அது கம்மியாத்தான் பேசும்” என்று முடித்துவிடுவார். பேச்சு எனக்கு வராமல் இல்லை, வீட்டில் பேசுவேன். வகுப்பில் ஒருத்தி கேட்டதற்கு நான் ஒரு வாக்கியத்தைத் தேடிப்பிடித்து, முன்பின் சரிபார்த்து, வாய் திறப்பதற்குள் அவர்கள் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். இனி அதைச் சொல்லி என்ன என்று விழுங்கிவிடுவேன். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்ன பழமொழியை, அம்மா மட்டும் என்னைப் பற்றியே சொன்னதாக எடுத்துக்கொண்டு பயந்தாள். தலை வாரிவிடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்: “நாளைக்கு நாங்க இல்லாங்காட்டி யாராண்ட போய் இன்னா கேப்பே நீ?”

பெயர் எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. விதி தெளிவாக இருந்தது: பேசினால் எழுது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்க எனக்கு இரண்டு வகையிலும் ஆள் கிடையாது. பெயரை விட்டுவிடச் சொல்லித் தேன்மிட்டாய் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது லஞ்சம் என்று புரியாமல் வாங்கித் தின்று, நன்றியும் சொல்லிவிட்டு எழுதுவேன். ‘சிசிடிவி’ என்று பட்டம் வைத்தார்கள். ஒருநாள் ரேவதி மிஸ் வாசலில் நின்று அறிவியல் மிஸ்ஸோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயரையும் எழுதி, இரண்டு இன்ட்டு போட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி, பேசினேன்தானே” என்று சொல்லி எல்லோர் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டார். எப்போதும் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அன்று என்னையும் சேர்த்துக்கொண்டு சிரித்ததுபோல் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பதினொன்றாம் வகுப்பில் கோமதி வந்து சேர்ந்தாள். நான் வரும் அதே பேருந்தில் வருபவள். அவள் பெயர் பட்டியலில் முதலாவதாக வராத நாளில்லை. அதற்காக அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நேராக வந்து கேட்டாள்: “எல்லாரு பேச்சையும் கேட்டுகினே கீறியே, உனுக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லியாடி?”

இருந்தது. ஆனால் அதைத் தயார் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பேருந்தில் அவள் பக்கத்தில் போய் நின்று, அம்பத்தூர் எஸ்டேட் வழியாகப் போகும்போது பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து வரும் வாசனை திங்கட்கிழமை மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்றேன். எதற்கு இதை இப்போது சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. நடுவில் இரண்டு நாள் போனதே தெரியாதவள்போல, “கெடயாது, தெனமும் ஒரே வாசனதான்” என்றாள். பிந்தி வந்த பதிலையும் வாங்கிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது எனக்குப் பெரிய தைரியம். அதன்பிறகு என் பதில்கள் ஒரு நாளில் வந்தன, பிறகு மதியச் சாப்பாட்டுக்குள் வந்தன. நடத்துநரிடம் நானே நிறுத்தம் சொன்னேன். கணக்கில் புரியாததை எழுந்து நின்று கேட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதியம் ஆசிரியர் வரவில்லை. நான் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் வரிசையிலிருந்த கோமதி எங்கள் பழைய பிஸ்கட் வாசனை வழக்கைக் கிளப்பினாள். தன் அம்மா அந்தத் தொழிற்சாலையில்தான் பேக்கிங்கில் இருப்பதாகவும், அங்கே அடுப்பை அணைப்பதே இல்லை என்று சொன்னதாகவும் புதுச் சாட்சி கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை அணைத்துத்தான் இருப்பார்கள், திங்கள் முதல் ஈடு கொஞ்சம் கருகும் என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் கருகினதையெல்லாம் யார் தின்கிறார்கள் என்றாள் அவள். மணி அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு பெயர்கூட இல்லை.

மற்றவர்களில் யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கவனிக்கவில்லை. தெரிந்ததை எழுதினேன். முதலில் ‘ஏஞ்சலின்’ என்று என் பெயர், அதற்குக் கீழே கோமதி. எத்தனை இன்ட்டு போடுவதென்று தெரியாமல் என் பெயருக்குப் பக்கத்தில் வரி முடியும்வரை போட்டேன். ரேவதி மிஸ் வந்து, யார் எழுதியது என்று கேட்டார்.

“நான்தான் மிஸ். பேசினேன். பீரியடு முழுக்கப் பேசினேன்.”

அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. விதிப்படி எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிற்கவைத்தார். என் டைரியில், ‘வகுப்பில் அதிகம் பேசுகிறாள்’ என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். நாங்கள் மீதிச் சண்டையை வராந்தாவில் தொடர்ந்தோம்.

சாயங்காலம் அம்மா அந்த வரியைப் படித்தாள். பிறகு விரல் வைத்து இன்னொரு முறை படித்தாள். கையெழுத்துப் போடாமல், அப்பா வரும்வரை டைரியை மடியிலேயே வைத்திருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அப்பா படித்துவிட்டு, “எம் பொண்ணா? எம் பொண்ணா பேசுச்சு?” என்றார். அம்மா அழுதாள். கண்டிக்க வேண்டிய இடத்தில் எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன்.

“நீ பேசிகினே இரு” என்றாள்.

அந்தப் பள்ளியில் இப்போது கரும்பலகை கிடையாது. வகுப்புக்கு வகுப்பு கேமரா வந்துவிட்டதால் பெயர் எழுதவும் ஆள் வேண்டாம். டைரியும் போய், புகாரெல்லாம் நேராகப் பெற்றோரின் கைப்பேசியில் வந்து விழுகிறதாம். நான் அம்பத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் இயந்திரப் பாகங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். பிழை இருந்தால், வரைந்தது முதலாளியே ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் என் வாக்கியம் இன்றும் பிந்தித்தான் வருகிறது. கொஞ்சம் இருங்கள் என்று கை காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கோமதி ஆவடியில் இருக்கிறாள், வழக்கு இன்னும் தீரவில்லை. தலை வாரும்போது அம்மா கேட்கும் அந்தக் கேள்வியும் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. எந்த நாளோடு நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. நான் ஏதாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன்.