ராஜம்மாளின் மஞ்சக்காணியில் ஜப்பான் நடவு

அடுத்தவர் வயலில் நம் யோசனையை நட்டுவிட்டு, அறுப்பு முடிகிற வரைக்கும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு திரியும் உத்தியோகத்துக்கு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் என்று பெயர். ஐம்பதுகளில் திருப்போரூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் என் பொறுப்பு. ஜப்பான் முறை என்று ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. நாற்றைக் கண்டபடி கொத்துக் கொத்தாகச் செருகாமல், கயிறு பிடித்து, இடைவெளி விட்டு, வரிசையாக நட வேண்டும். தொழு உரத்தோடு அம்மோனியம் சல்பேட்டும் போட வேண்டும். கேட்காத சாமானை வீடு வீடாக விற்கப் போனவர்களே, ஓட்டுக் கேட்கப் போனவர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தாராள மனசு

ஊர் ஊராக சைக்கிள் மிதித்தும் சோதனைக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. முனுசாமி என்பவர்தான் தானாக முன்வந்தார். "போடுங்க சார், நம்ம நெலந்தான்" என்று வரப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவர் மனைவி ராஜம்மாள் இடுப்பில் கூடையோடு வந்து சேர்ந்தார். அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் காட்டியது மனைவியின் மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது தாய் வீட்டில் கொடுத்த நிலம். அதில் விளைவது ராஜம்மாளுக்கு மட்டும்தான் சொந்தம். புருஷன் கணக்குக் கேட்கக்கூடாது. இந்த வருஷத்து நெல்லை விற்று ஒரு கறவை மாடு வாங்குவதாக அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முனுசாமியின் சொந்த நிலமோ பக்கத்து வரப்பிலேயே, யார் யோசனையும் தீண்டாமல், பத்திரமாக இருந்தது.

நான் அப்போதே சைக்கிளைத் திருப்பியிருக்க வேண்டும். வேறு நிலம் இல்லையே, கெஞ்சினேன். உரம் இலவசம் என்றேன். ராஜம்மாள் யோசித்துவிட்டு, போகிற வருகிறவர்கள் நான்கு பேரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு சொன்னார்: "பயிரு வந்தா நான் மாடு வாங்கிக்கிறேன். வரலைன்னா, சார், நீதான் ஒரு மாட்டைப் புடிச்சிகினு வந்து என் வூட்டாண்ட கட்டணும்."

கோணிக்குள் என்ன?

என் சம்பளத்தில் மாட்டின் வாலைக்கூட வாங்க முடியாது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டேன். மறுவாரம் மாட்டுவண்டியில் உர மூட்டை வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் கல்லுப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ராஜம்மாள் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். நான் தடுப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் உப்பு என்றால் விளையாட்டில்லை. கிழக்கே கோவளத்து உப்பளம். கடற்கழியின் உப்புத் தண்ணீர் ஏறி வந்தால் கரையோர வயல்கள் போச்சு. அதற்காகவே வருஷா வருஷம் மண் வெட்டிக் கரை போடுகிறவர்கள் இந்த ஜனங்கள். இது வேறு உப்பு, பயிருக்குச் சாப்பாடு என்று தொண்டை வறள விளக்கினேன். கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. ராஜம்மாள் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "உப்பு வரக் கூடாதுன்னு நாங்க கரை போட்டுக்கினு கீறோம், நீ இன்னாடான்னா அத வண்டி வெச்சி ஏத்திக்கினு வர்றியே."

கயிறு

உரத்தைக்கூட ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். கயிற்றுக்கு ஒத்துக்கொள்ள வைத்ததுதான் பெரிய பாடு. நடவுக்கு வந்த பெண்களுக்குக் குப்பம்மாள் தலைவி. அவர்கள் வழக்கம், ஆளுக்கு ஒரு பாத்தி பிடித்து, பேசிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து போவது. கை வேகமானவள் முன்னே முடிப்பாள், மெதுவானவள் பின்னே வருவாள், யாருக்கும் யாராலும் தொந்தரவில்லை. கயிறு கட்டினால் எல்லாரும் ஒரே வரியில் நிற்க வேண்டும். கடைசிக் கை முடிகிற வரைக்கும் மற்றவர்கள் சேற்றில் காத்துக்கிடக்க வேண்டும். மருமகள் கதை பாதியில் அறுந்துபோகும். குப்பம்மாள் நாற்றுக் கட்டை வரப்பில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்: "கயிறு கட்டி ஓட்டறதுக்கு நாங்க இன்னா மாடா?"

புழுவெட்டு

கடைசியில் ராஜம்மாளே சேற்றில் இறங்கிக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்ததால் நடவு முடிந்தது. முடிந்ததும் வயலைப் பார்த்தேன். எனக்கே பகீர் என்றது. பக்கத்தில் முனுசாமி வயல் பச்சைப் பாயாக நிறைந்திருக்க, இங்கே குத்துக்கும் குத்துக்கும் நடுவே வெறும் தண்ணீர் பளபளத்தது. குத்துக்கு இரண்டு மூன்று நாற்றுதான் வைத்திருந்தோம், பக்கத்தில் கிளை வெடித்துத் தூர் கட்டினால் தானே நிறையும் என்று வாய் ஓயாமல் சொன்னேன். யார் கேட்டார்கள்? திருப்போரூர் கிருத்திகைக்குப் போகிற கூட்டம்கூட வழியில் நின்று வேடிக்கை பார்த்தது. ராஜம்மாள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முனுசாமி மட்டும் ஆறுதல் சொல்ல வந்தார்: "ஒண்ணுமில்ல சார், தலையில புழுவெட்டு வுழுந்த மாதிரி கீது, அவ்ளோதான்."

ஒரு வாய் சோறு

தூர் கட்டியது. அப்பாடா, எப்படிக் கட்டியது! இடைவெளியெல்லாம் மூடி, முனுசாமி வயலை எட்டிப் பார்க்கிற உயரத்துக்குக் கிளம்பிவிட்டது. மேலுரமாக ஒரு பங்கு தூவச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டு, மீதி மூட்டையை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு மாமல்லபுரம் பக்கம் வேறு வேலையாகப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பயிர் கரும்பச்சை. தொட்டால் இலை தளதளவென்று வளைகிறது. நம் சம்பா ஏற்கெனவே ஆள் உயரம் போகும். உரம் மிஞ்சினால் தலை கனத்து, காற்றடித்ததும் படுத்துவிடும். வீட்டுக்கு ஓடினேன். கோணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முழுவதையும் போட்டாயிற்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ராஜம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "வளர்ற புள்ளைக்கு ஒரு வாய் சோறு போதும்னு எவ சார் சொல்லுவா?"

கார்த்திகைக் காற்று

பயந்தபடியே ஆயிற்று. கார்த்திகை மழையில் கடல் காற்று ஒன்று வந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். முனுசாமியின் பயிர் குட்டையாக, மெலிந்து, நிமிர்ந்து நின்றது. மஞ்சக்காணி முழுக்கப் படுத்துக் கிடந்தது. பால் பிடித்த கதிர்கள் தண்ணீரில் முகம் வைத்துக் கிடந்தன. இரண்டு நாள் விட்டால் அழுகிவிடும். ராஜம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதார். "என் மாடு போச்சு" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எனக்கும் கண்ணில் நீர் முட்டியது.

முனுசாமிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். நான்கு குத்தைச் சேர்த்துத் தூக்கி, அதன் தாளாலேயே ஒரு முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து நின்றது. அடுத்த நான்கு. நானும் இறங்கினேன். ராஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். குப்பம்மாள் தன் ஆட்களோடு, கூப்பிடாமலே, கூலி பேசாமலே வந்துவிட்டார். பழைய மாதிரி நெருக்கி நட்ட வயலாக இருந்தால் கால் வைத்த இடமெல்லாம் பயிர் மிதிபட்டிருக்கும். இங்கே வரிசைக்கு நடுவே நடந்து நடந்து கட்டினோம். பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கக் குடுமி போட்டு நின்றது. குப்பம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா சொன்னதுதான், இனிமே கயிறு இல்லாத வயல்ல நான் காலு வெக்க மாட்டேன்."

மாலை

கொஞ்சம் அழுகியதுதான். இருந்தும் தை மாதம் களத்தில் அடித்துத் தூற்றியபோது, மஞ்சக்காணியின் குவியல் முனுசாமி நிலத்துக் குவியலை ஓரம் தள்ளிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து மேலதிகாரி ஜீப்பில் வந்தார். நிலம் யாருடையது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் ஏறவில்லை. முனுசாமியை முன்னே இழுத்து, முன்னேற்ற விவசாயி என்று பாராட்டி, கொண்டு வந்த ரோஜா மாலையை அவர் கழுத்தில் போட்டார். முனுசாமி பாவம், மாலையைக் கழற்றவும் முடியாமல், மனைவி முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நெளிந்தார். அதிகாரி கை தட்ட, ஊரும் தட்டியது. ராஜம்மாள் நெல் அளக்கும் மரக்காலை எடுத்துக் குவியலின் மேல் வைத்து, அளக்கிற ஆளைப் பார்த்துச் சொன்னார்: "மாலைய அவரு போட்டுக்கினு போவட்டும். நெல்லை எனக்கு அள."

அந்த வருஷம் இலாகா கண்ணுக்கு முனுசாமி சிறந்த விவசாயி, நான் சிறந்த ஊழியன். எங்கள் இருவருக்கும் மோர் ஊற்றியதென்னவோ ராஜம்மாளின் மாடுதான்.