கஞ்சா எண்ணெய் வாங்கப் போன சனிக்கிழமை

மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மார்ஃபின் பாதி வலியைத்தான் தணித்தது. அளவைக் கூட்டினால் நாளெல்லாம் மயக்கம், வாந்தி. சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்கார முடியாது.

வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னார்: "கஞ்சாவிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் கேட்காது. நோயைக் குணப்படுத்தாது. மார்ஃபினோடு சேர்த்தால் சிலருக்கு வலி குறையலாம்."

நான் பதறிப்போனேன். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் போதைப்பொருள் கூடாது என்று வருஷா வருஷம் வகுப்பெடுப்பவளே நான்தான்.

"யாராவது பார்த்துட்டா?" என்றேன் கணவரிடம்.

"பார்க்கட்டுமே. நீ துடிக்கிறதை தினமும் நான்தானே பாக்கறேன்?"

கஞ்சா எண்ணெய் வாங்க அரசு தரும் மருத்துவ அட்டை வந்ததும், அதை விற்க உரிமம் பெற்ற கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கறுப்புக் கண்ணாடி, தலையில் ஸ்கார்ஃப். கடை பல் டாக்டர் கிளினிக் மாதிரி பளிச்சென்று இருந்தது. காத்திருந்தவர்களில் ஒருவரைப் பார்த்ததும் திரும்பி ஓடலாமா என்றிருந்தது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி!

"ஆன்ட்டி, நீங்களா?"

"அங்கிளுக்கும்மா. கணையத்துல கேன்சர். யார்கிட்டயும் சொல்லல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து அவரே கேட்டு ரெண்டு தோசை சாப்பிட்டார். நீ கொஞ்சமா ஆரம்பி. தலை சுத்தினா பயப்படாதே, படுத்துக்கோ."

நாக்குக்கு அடியில் சொட்டு விட்டேன். முதல் வாரம் வாய் வறண்டதுதான் மிச்சம். டாக்டர் அளவை மெல்ல மாற்றினார். பத்தாம் நாள் கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! வலி இருந்தது. ஆனால் என்னை ஆட்டிவைக்கவில்லை. எழுந்து நானே காபி போட்டேன். கணவர் சமையலறை வாசலில் நின்று அழுதுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். எதையும் பிடித்துக்கொள்ளாமல் நேராக நின்றேன். "என்னை நிமிர்த்தி நிறுத்தினதுல கஞ்சா எண்ணெய்க்கும் பங்கு உண்டு. டாக்டர் சொல்லித்தான் எடுக்கறேன். வெட்கப்படல" என்றேன்.

பின்வரிசையில் ஆன்ட்டி எழுந்தார். "எங்க வீட்டுலயும் அதுதான்." பக்கத்தில் அங்கிள் கைதட்டினார்.

ஆராதனை முடிந்து சமோசா வரிசையில் நின்றபோது மூன்று பேர் என்னைத் தனியாக அழைத்து டாக்டரின் நம்பர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் நின்றுகொண்டே பதில் சொன்னேன்.