முத்துராணி போனை வைக்கும் விதம்

"உங்கள் ஊரில் இப்போது மழையா?" என்று போலந்திலிருந்து ஹன்னா கேட்டாள்.

"மழை இல்லை, வெயில்தான், அம்மா சுகம், அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, நீ அனுப்பிய படம் பார்த்தேன், அழகாக இருந்தது, நீயும் சுகம்தானே, சரி, வைக்கிறேன்." முத்துராணி ஆங்கிலத்தில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெபி சொன்னாள்: "ஏட்டி, அவ வாயத் தொறந்துட்டு இருந்தா."

"என்ன சொல்ல வந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்ல விட்டாத்தானே."

முத்துராணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். இப்படித்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

பாளையங்கோட்டையில் அவர்கள் படிக்கும் கல்லூரிக்கும் போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஏற்பாடு. இங்கே ஒரு மாணவி, அங்கே ஒரு மாணவி; வாரம் ஒரு முறை முகம் பார்த்துப் பேசி, அவரவர் ஊரையும் வாழ்க்கையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மற்ற பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். முத்துராணி மட்டும் ஜன்னலோரம் எழுந்து நின்று, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் பேசுவாள். ஹன்னாவுக்கு அவளுடைய உச்சி வகிடுதான் அதிகம் தெரிந்திருக்கும்.

அவள் மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து வீட்டை விட்டுக் குடும்பம் கீழே இறங்கி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் செருப்பைத் தட்டி, அட்டைப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலை நுழைக்கிறாள். கல்லூரி கேன்டீன் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "கூட்டி அள்ளுன தூள்லா இது" என்று தம்ளரைத் தள்ளி வைக்கிறாள். கேன்டீன் அண்ணாச்சி, "எஸ்டேட் மொதலாளியம்மா வந்துட்டாக" என்பார். அதற்கு அவள் சிரிப்பதுண்டு.

இந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் ஞானசம்பந்தன் சார் கூப்பிட்டனுப்பியபோது சிரிக்கவில்லை. ஹன்னா எழுதியிருந்ததை அவர் வாசித்துக் காட்டினார்: 'முத்துராணிக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு வேறு தோழி கிடைப்பாளா?'

"ஏம்மா, அந்தப் பிள்ளை உனக்கு என்ன செஞ்சது?"

"பிடிக்கலன்னு யாரு சார் சொன்னா? அவ பயந்துரக் கூடாதேன்னுதான் வச்சேன்."

"போனை வச்சா பயம் போயிருமோ?"

"வெட்டுப்பட்டுப் போனாத்தான் சார் பயம். நாமளா வச்சா நல்லாருக்கோம்னு அர்த்தம்."

சார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "போலந்துல அப்படி அர்த்தம் இல்லம்மா. வர்ற வெள்ளிக்கிழமையும் வச்சேன்னா உன் பேரை எடுத்துருவேன். கோடையில அங்க போறவங்க கூடவும் நீ போக முடியாது. பாத்துக்கோ."

வெளியே வந்ததும், "நாமளா வைக்கிறதுல என்னட்டி அர்த்தம்?" என்று கூட வந்திருந்த ஸ்டெபி கேட்டாள். முத்துராணி மரத்தடியில் நின்று சொன்னாள். மலையில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள். மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் முதலில் கொட்டிவிட்டு, லைன் அறுவதற்குள் தானாக வைத்துவிட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. அம்பாசமுத்திரம் விடுதியில் தங்கி அவள் பிளஸ் டூ படித்தபோது, "அப்பா ஆஸ்பத்திரிக்கு" என்ற இடத்தில் அம்மாவின் குரல் அறுந்துபோனது. மறுநாள் மலையிலிருந்து பஸ் கீழே வரும் வரை விடுதி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அதில் வந்தவர்கள்தான் சொன்னார்கள்: பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாகத்தான் அப்பா போயிருந்தார்.

"இதை அவகிட்டச் சொல்லிரேன்," என்றாள் ஸ்டெபி.

"சொல்லிட்டு மறுபடியும் வச்சேன்னா? மொதல்ல அவ ஒரு தடவையாவது பேசி முடிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை முத்துராணி ஜன்னலுக்குப் போகவில்லை. போனை மேசை மேல் சாய்த்து வைத்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிக் கேட்டதற்கு, "இல்லை" என்று மட்டும் சொன்னாள். ஹன்னா வியந்து, சற்று யோசித்து, "நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் என் அம்மா..." என்று மெல்லத் தொடங்கினாள். நெட் திக்கியது. திரையில் ஹன்னாவின் முகம் பாதிச் சொல்லில் உறைந்தது.

முத்துராணியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை நோக்கி எழும்பியதை ஸ்டெபி பார்த்தாள். பிறகு முத்துராணி இன்னொரு கையால் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஸ்டெபியின் மடியில் வைத்தாள். 

"இறுக்கிப் புடிச்சுக்கோ, ஸ்டெபி. அவ திரும்ப வார வரைக்கும் விட்றாத. நானே விடச் சொன்னாலும் விட்றாத."