மறைந்திருந்த கட்டம்

எங்கள் அலுவலகத்தில் இனி லீவு கேட்பதும் போன் வழியாகத்தான் என்று ஆனது. பெருக்கித் துடைக்கிற நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஃபாரத்தில் பதினேழு கேள்விகள், வீட்டில் கூட இருப்பது யார் என்பது வரை. பயந்துகொண்டே திறந்து என் பெயரைத் தொட்டேன். மற்றதெல்லாம் மறைந்து, பெரிய எழுத்தில் இரண்டே கேள்விகள் நின்றன: என்றைக்கு லீவு, என்றைக்குத் திரும்புவீர்கள். யார் செய்ததென்று யாரும் சொல்லவில்லை. ஜன்னலோர மேசைக்காரர் மட்டும் அன்று என் பக்கம் தலை நிமிரவே இல்லை. அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அவரைக் கேள்விக்காரர் என்பார்கள். கடைகளும் கம்பெனிகளும் இணையத்தில் வைக்கிற ஃபாரங்களைச் செய்வது அவர் வேலை. ஆமாம் என்றால் இந்தக் கேள்வி வரவேண்டும், இல்லை என்றால் அது மறையவேண்டும் என்று விதி போடுவார். வயது நாற்பது. வீட்டில் அவரும் அம்மாவும்தான்.

"கல்யாணம் ஆச்சான்னு கேட்டா இவரு இல்லைன்னு அழுத்துவாரு. அதோட மிச்சக் கேள்வி எல்லாம் மறைஞ்சிடும்," என்று பக்கத்து மேசைப் பெண் சீண்டுவாள்.

"மறையட்டும்மா. அந்த நேரத்துல தூங்கலாம்ல," என்பார்.

ஆக்சிஜன் மெஷின்களை வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி ஒன்று, மெஷின் பழுதானால் சொல்ல ஒரு ஃபாரம் கேட்டது. அதில், உடன் இருப்பவர் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் அவர் நம்பரை எழுத ஒரு கட்டம் வரும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். இல்லை என்றால் மறையும். மறைந்தாலும் அந்தக் கட்டாயம் மட்டும் போகவில்லை. தனியாக இருப்பவர் எத்தனை முறை அழுத்தினாலும், கண்ணுக்குத் தெரியாத கட்டம் காலியாக இருக்கிறதென்று ஃபாரம் நகராது. ஏன் என்றும் சொல்லாது.

அவர் சோதிக்காமல் இல்லை. இருபது முறையாவது சோதித்தார். ஒவ்வொரு முறையும் தன் விவரத்தையே போட்டார். உடன் இருப்பவர்: அம்மா. ஒவ்வொரு முறையும் போனது.

தனியாக இருந்த ஒரு பெரியம்மா மெஷின் நின்று இறந்துபோனார். கையில் இருந்த போனில் அந்த ஃபாரம் திறந்தபடி இருந்ததாம். மெஷின் கம்பெனி கைகாட்ட, அவருடைய மகள் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

அவள் காத்திருந்தபோது முதலாளி கேள்விக்காரரைத் தனியே அழைத்தார். நான் அந்த அறையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அங்க நெட் இல்லைன்னு சொல்லிடுங்க. வாயத் திறந்தீங்கன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவர் நேரே வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் எதிரே போய் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வைத்தேன்.

"நெட் நல்லாத்தாம்மா இருந்தது. தப்பு நான் பண்ணினது," என்று தொடங்கி, கட்டத்தைப் பற்றி எல்லாம் சொன்னார்.

அவள் அழவில்லை. "எங்கம்மா எத்தனை தடவை அழுத்தினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதும்மா. போய்ச் சேர்ந்தாத்தான் அதுல பதிவாகும். சேராதது எதுவும் பதிவாகாது."

அவள் தண்ணீரைத் தொடாமலே எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்திவிட்டார்கள். காலை ஜெபத்தில் அந்தப் பெரியம்மாவையும் இவரையும் சேர்த்தே ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன். அது சரியா என்று தெரியவில்லை. பிரித்துச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி நாள் மேசையைக் காலி செய்துவிட்டு, படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தனியாக இருப்பது அவருக்குத் தெரியும். ஈரத்தில் கால் படாமல் ஓரமாக நின்றார்.

"சாப்டியா தம்பி?" என்றேன். வேறென்ன கேட்பது.

"உங்க லீவு ஃபாரத்த நேத்து திரும்பப் பாத்தேன்க்கா. மறைச்சு வச்ச கேள்வியில, கூட யாரும் இல்லைன்னு போட்டு அழுத்தினேன். போகுது."