மீன் வேகும் நேரத்துக்கு ஒரு பாட்டு

என் மனைவியின் அடக்கப் பூசையில் நான்தான் பாடினேன். கோவிலுக்கு வெளியே வந்ததும் நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு துக்கத்திலும் குரல் பிசிறாமல் பாடினேனே என்று மெச்சினார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது. அந்தக் குரலை அவள் கேட்டபோது நான் கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருஷம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஊருக்கு ஓரமாகச் சாரம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம், முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். குழந்தை இல்லை. நான் மேரியில், அதாவது நகரசபை ஆபீசில், குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் பாட்டுக் குழுவில் பாடுவேன். லத்தீன் பாட்டில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் பூசை முடிந்து யாராவது என் குரலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லாவிட்டால் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது. அவ்வளவு தலைக்கனம்.

அவள் பாடியது அடுப்படியில் மட்டும். கூடத்தில் கடிகாரம் இருந்தது, அவள் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. முட்டை வேக மாதா பாட்டு ஒன்று முழுசாக. வடகம் சிவக்க அதன் முதல் இரண்டு அடி. குழம்பில் மீனைப் போட்டுவிட்டால் மெதுவான ஒரு பாட்டில் மூன்று சரணம். மூன்றாவது முடிகிறபோது சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவாள். ஒரு துண்டு உடைந்திருக்காது. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்தபடி, "ஏறல, இன்னும் மேல ஏத்து" என்று கத்துவேன்.

"மீனுக்கு இது போதும்" என்பாள்.

ஐந்தாவது வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வரும், பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் புரியும்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கறி தொடுவதில்லை, மீன்தான். அவள் மறுபடி அடுப்பு மூட்டிய முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் சைக்கிளில் வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீராம்பட்டினத்து மீன்காரி கொடுத்துவிட்டுப் போன சங்கரா, கழுவி மஞ்சள் தடவித் தட்டில் அப்படியே இருந்தது.

"என்னா, இன்னும் போடலியா?"

என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: "நீங்க பாடுங்க. பாட்டு இல்லாம எனக்கு பதம் தெரியல."

கோவில் நிறைய ஜனம் இருக்கும்போது கூசாத எனக்கு, அடுப்புப் புகையில் நின்று பாட வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாடினேன். அவள் மணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் என்னோடு கூடவே அசைந்தது. பழக்கதோஷத்தில் ஓர் இடத்தில் குழைத்து இழுத்தேன். உடனே அகப்பையால் சட்டி விளிம்பில் டொக்கென்று தட்டினாள். இழுத்தால் மீன் கரைந்துவிடுமாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அவள் சிரிப்பில் சத்தம் இல்லை. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதே மாதிரி நடந்தது. நான் வருகிற வரைக்கும் மீன் தட்டில் காத்திருக்கும். அந்தச் சில மாதங்கள் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம்.

வீட்டுக்காரரின் மருமகன் எங்கள் ஆபீஸ்தான். அவன் வாயில் எதுவும் தங்காது. "சமையல்கட்டு பாகவதரே, இன்னைக்கு என்னா கச்சேரி, சங்கராவா வஞ்சிரமா?" என்று ஆரம்பித்தான், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மேலுக்குச் சிரித்துவைத்தேன். உள்ளே புழுங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பழைய பிரெஞ்சுக் காகிதங்களை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி மேலதிகாரி பிடித்துவைத்துக்கொண்டார். மணி இரண்டு ஆகிவிட்டது. மீனைப் போடாமல் பட்டினியாக உட்கார்ந்திருப்பாளே என்று வெயிலில் மூச்சு வாங்க மிதித்து வந்தேன். சட்டி இறக்கி மூடியிருந்தது. திறந்தால் துண்டுகள் முழுசு முழுசாக இருந்தன. ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். அதே பதம், இம்மிகூடப் பிசகவில்லை.

"பாட்டு இல்லாம எப்டி வந்துது?"

தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அகப்பட்டுக்கொண்ட சிரிப்பு. பதம் அவளுக்கு மூக்கிலேயே தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது பாட்டு. அது எனக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, புரியவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் காதில் ஆபீஸ்காரர்களின் சிரிப்புதான் கேட்டது.

"ஊரே என்னைப் பாத்து சிரிக்குது, உனக்கு வெளையாட்டா? இனிமே நீயே பாத்துக்க."

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் கரைந்து குழம்போடு குழம்பாகக் கிடந்தது. சட்டியை என் முன்னால் சாய்த்துக் காட்டி, காதருகே குனிந்தாள்: "நீங்க பாடல. அதான்."

அடுப்பைப் பார்க்காமலே சமைப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து அந்த மீன் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அடிப்பிடித்து, வீடெல்லாம் தீய்ந்த வாடை. நிலைப்படியில் நின்று என் முகத்தையே பார்த்தாள். மூன்று சரணம் பாடியிருந்தால் போதும். வீம்பு விடவில்லை. சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை எனக்கே பொறுக்கவில்லை. எவன் என்ன சொன்னால் என்ன, இன்றைக்குப் பாடிவிடுவது என்று, வழியெல்லாம் தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டே வந்தேன். சட்டி இறக்கியிருந்தது. இலையில் சோறு போட்டு, மீனை எடுத்து வைத்தாள். முழுத் துண்டு. உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாக இருந்தன.

"பாடட்டா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். "சாப்புடுங்க, ஆறிடும்."

கட்டி திரும்பி வந்து அவளைக் கொண்டுபோகும் வரை, அதற்குப் பிறகு அவள் ஐந்து மாதம் இருந்தாள். மீன் ஒரு நாள்கூடக் கரையவில்லை.